சோளக்கொல்லைத் துப்பாக்கி

ஆம்பூர் தோல் வியாபாரி ஜியாவுல்லாவுக்குப் பழைய துப்பாக்கி என்றால் பைத்தியம். இப்போது யாரும் செய்யாத, திரி கொளுத்திச் சுடும் ரகம் மட்டும் அவரிடம் இல்லை. தோல் வாங்கப் போன ஊரிலெல்லாம் அதையே விசாரித்தார்.

1931-ல் திமிரிப் பக்கம் போகையில், ஒரு சோளக்கொல்லைப் பொம்மையின் தோளில் அது சாய்ந்திருந்தது! வண்டியிலிருந்து குதித்து, வரப்பில் விழுந்தெழுந்து ஓடினார்.

கொல்லைக்காரர் காசிநாதன் மசியவில்லை. "குடுத்துட்டா கிளித் தொல்லை ஜாஸ்தியாய்டும் சாயபு."

"பதிலுக்கு இன்னா வேணும், சொல்லு."

காசிநாதன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்க கோட்டு, குல்லா, குடை."

ஜியாவுல்லா யோசிக்கவே இல்லை. தம் கையாலேயே மூன்றையும் பொம்மைக்கு மாட்டிவிட்டு, துருப்பிடித்த துப்பாக்கியை அணைத்துக்கொண்டு மழையில் நனைந்தபடி வீடு போய்ச் சேர்ந்தார்.

மறுவாரம் அவ்வழியே போன தோல் தரகர் தேவசகாயம், "சலாம் சாயபு!" என்று ரோட்டிலிருந்தே பொம்மையிடம் விலை பேசினாராம். சாயபு வாயே திறக்காததால் கோபம் என்று பயந்து, விலையைக் குறைத்துக்கொண்டே போனாராம்.

விஷயம் தெரிந்த ஜியாவுல்லா, கடைசியாகச் சொன்ன விலைக்கே தோலை வாங்கிக்கொண்டார்.