மணியக்கா வழி சொன்ன கடற்கரை

மணியக்கா போய்விட்ட செய்தி எனக்கு ஒலிபெருக்கியில் வந்தது. மெக்சிக்கோவின் மேற்குக் கரையில், தார் வீதியே எட்டாத ஒரு மீனவக் கிராமத்தில் அப்போது நின்றேன். ஊருக்கெல்லாம் ஒரே தொலைபேசி, அதுவும் கடையில். யாருக்காவது அழைப்பு வந்தால் கடைக்காரி ஒலிபெருக்கியில் கூப்பிடுவாள். "பலெர்மோப் பெண் உடனே வரவும்!" என்று கத்தினாள். செருப்பும் போடாமல் ஓடினேன். மறுமுனையில் மணியக்காவின் கணவர் செல்வண்ணை. "தங்கச்சி, அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றார். மேலே கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அங்கே கிடந்த அரிசி மூட்டையில் அப்படியே குந்திவிட்டேன்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? பலெர்மோவின் லிபெர்த்தா வீதியில் ஒரே வீட்டில், ஒரே இத்தாலிய மூதாட்டியை, எங்கள் சின்யோராவை, நாங்கள் இருவரும் முறை மாற்றிப் பராமரித்தோம். மணியக்கா பிரான்காச்சோவிலிருந்து பஸ் பிடித்து வந்து கதவைத் திறக்கும்போதே எனக்குத் திட்டு விழும். "எடியே, இதென்ன தேத்தண்ணியோ, கழுவின தண்ணியோ?" எனக்கும் வாய் நீளம். "குடிச்சுப்போட்டுக் கதையுங்கோ" என்பேன். குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்பார். அப்படித்தான் எங்கள் சிநேகம் வளர்ந்தது.

சின்யோராவின் ஒரே மகன் லூக்கா. அந்த மெக்சிக்கோக் கிராமத்துப் பெண்ணை மணந்து, அங்கேயே சுழியோடி மீன்பிடித்து வாழ்ந்தவர். ஒரு நாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் கால்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. அவரால் இங்கே வர முடியாது. சின்யோராவுக்கோ இதயம் பலவீனம். சில வருடங்களுக்கு முன் மணியக்காதான் அவரை அங்கே கூட்டிப் போய் மகனைக் காட்டிவிட்டு வந்தார். இந்த வருடம் சின்யோரா மறுபடியும் அடம்பிடித்தார். என் பிள்ளையை இன்னொரு தரம் பார்க்காமல் கண் மூட மாட்டேன் என்றார். அந்த இதயத்துக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். "எனக்கு இடுப்பு ஏலாது. நீ கூட்டிக்கொண்டு போ" என்றார் மணியக்கா என்னிடம்.

ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் கால் நனைத்ததுதான் கடலோடு எனக்கிருந்த பழக்கம். மணியக்காவோ கடலோரப் பருத்தித்துறைக்காரி. சமையலறையில் என்னை இருத்திவைத்துச் சொல்லத் தொடங்கினார்.

"பஸ் விடுற பட்டினத்திலை இருந்து வள்ளத்திலைதான் போகவேணும். விடியவே ஏறு. காத்து எழும்பினா ஒருத்தரும் வெளிக்கிட மாட்டினம். அங்கை இறங்குதுறை ஒண்டுமில்லை. அலையோடை வள்ளத்தை மணலிலை ஏத்துவாங்கள். ஓட்டி சொல்லும்வரை எழும்பாதை, விளங்குதே?"

"ஓம்."

"தண்ணிக்குள்ளை காலைத் தூக்கி வைக்காதை. இழுத்து இழுத்து நட. மணலுக்குள்ளை திருக்கை கிடக்கும்."

"ஐயோ! நான் போகேல்லை!"

"போவாய். சின்யோரான்ரை மருந்தைப் பெட்டிக்குள்ளை வைக்காதை, உன்ரை கைப்பைக்குள்ளை வை. தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடு. காலமை சப்பாத்தை உதறிப்போட்டுப் போடு, தேள் இருக்கும். படுக்கிறது பெரிய ஆக்களுக்கும் கயித்திலை தொங்கிற ஏணைதான். குறுக்காலை படு, இல்லாட்டி முதுகு முறியும். வலை இழுக்கிற இடத்திலை கையைக் கட்டிக்கொண்டு நிக்காதை, கயித்திலை கை வை. அங்கத்தை ஆக்களுக்குக் குடுக்கச் சொக்கிலேற் கொண்டு போகாதை, உருகிப்போம். தூண்டில் கொண்டு போ."

அந்தத் தூண்டில் முள் வாங்க என்னைப் போர்கோ வெக்கியோச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனார். வழியில் இரண்டு தரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இடுப்பு" என்றார். நான் நம்பினேன்.

அவர் திரும்பத் திரும்பச் சொன்னது வேறொன்று. முதல் பயணத்தில் பசியோடு போய் இறங்கியவருக்கு ஒரு வீட்டில் மீன் கறியும் ரொட்டியும் நீட்டியிருக்கிறார்கள். நம்மவர் வழக்கம் தெரியும்தானே? முதல் தரம் வேண்டாம் என்போம். "ரெண்டாந்தரம் கேப்பினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளை போயிட்டினம்! சிசிலிக்காரர் எங்களை மாதிரி, தின்னும்வரை விடமாட்டினம். அங்கை வேண்டாமெண்டா வேண்டாம்தான். கேட்ட உடனை ஓம் எண்டு சொல்லு." சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் வயிறு நோகச் சிரித்தேன்.

அந்தப் புத்திமதிதான் எங்களைக் கரை சேர்த்தது. பட்டினத்தில் நாங்கள் இறங்கியபோதே சின்யோராவுக்கு மூச்சு வாங்கியது. ஐஸ் கட்டிகளை நிறைத்துக்கொண்டிருந்த ஒரு வள்ளக்காரர், இப்போதே போகிறேன், ஏறுகிறீர்களா என்று சைகையால் கேட்டார். இடமே இல்லை. பாவம், அந்த மனிதருக்கு எதற்குக் கரைச்சல்? "வேண்டாம், நாளைக்குப் போகிறோம்" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு "சீ, சீ!" என்று தலையாட்டினேன். ஓம் என்பதற்கு இத்தாலிக்கும் அவர்களுக்கும் அந்த ஒரு சொல் பொது. நாங்கள் கரை சேர்ந்த பின் காற்று எழும்பியது. அடுத்த சில நாட்கள் ஒரு வள்ளமும் அந்தப் பட்டினத்தை விட்டு அசையவில்லை.

கரையில் நான் கண்டதை எப்படி எழுதுவது? நெஞ்சளவு நுரைக்குள் ஆண்கள் இறங்கி, சின்யோராவை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, கோயில் சப்பரம்போலத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சக்கர நாற்காலி மணலில் புதைந்ததால் லூக்கா அதிலிருந்து இறங்கி, கைகளால் தவழ்ந்தே தண்ணீர்வரை வந்துவிட்டார். கதிரையை அவர் பக்கத்தில் இறக்கினார்கள். அந்தத் தாய் மகனுடைய தலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார்.

மணியக்காவின் செய்தியை லூக்காதான் ஊருக்குச் சொன்னார். மறுநாள் காலை கடற்கரைக்குப் போனேன். காற்று அடங்கியிருந்தும் எல்லா வள்ளங்களும் மணலில் கிடந்தன. தங்களில் ஒருவர் இறந்தால் அந்த ஊரார் கடலுக்குப் போவதில்லையாம். ஒரே ஒரு தரம் வந்துபோன ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்காகவா? கடைக்காரியிடம் கேட்டேன். மணியக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர்களோடு வலைக் கயிறு இழுத்ததை நடித்துக் காட்டினாள். காட்டிக்கொண்டே அழுதாள்.

சின்யோரா மகனோடு தங்கிவிட்டார். நான் தனியே திரும்பி, நேரே மணியக்காவின் பிரான்காச்சோ வீட்டுக்குப் போனேன். செல்வண்ணை அவருடைய படத்துக்கு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எப்ப அண்ணை? என்ன நடந்தது?"

"நீங்கள் பிளேன் ஏறின அண்டைக்கே, தங்கச்சி. இடுப்பில்லை, புற்றுநோய். கனகாலமாத் தெரியும். நீ அறிஞ்சா வெளிக்கிட மாட்டாய், அந்தத் தாய் பிள்ளையைக் காணாமலே கண் மூடிடுவா எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவ. கண்ட பிறகுதான் சொல்லவேணும் எண்டவ."

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். படத்தைப் பார்த்து, "என்ன மனுசி நீங்கள்?" என்று கத்திவிட்டேன். கடைசி முகத்தைக்கூட எனக்குக் காட்டாமல் போய்விட்டாரே! தேளையும் திருக்கையையும் சொல்லி என்னைப் பயமுறுத்திச் சிரித்த அந்த மனுசி, தன் உடம்பில் ஓடிய நோவைப் பற்றி வாய் திறக்கவே இல்லையே!

நீங்கள் ஆளுக்கொன்றை அவர் நினைவாக வைத்திருப்பீர்கள். நான் அவருடைய கடைசி முகத்துக்குப் பதிலாக, மகன் தலையில் மணல் தட்டிய அந்தத் தாயின் முகத்தை வைத்திருக்கிறேன். அதைத்தான் மணியக்கா எனக்குப் பார்க்கத் தந்துவிட்டுப் போனார்.