அவள் ‘த்ரெட்னிங்’ என்று எழுதிய காலை

என் மனைவிக்கு வானிலை அலுவலகத்தில் வேலை என்று சொன்னால் போதும், ‘நாளைக்கு மழை வருமா?’ என்று கேட்காத ஆள் கிடையாது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். நாளை நடப்பதைச் சொல்வது அவள் வேலை இல்லை. தினமும் காலை ஏழு மணிக்கு மாடிக்கு ஏறி, கால் மணி நேரம் வானத்தைப் பார்த்து, பதிவேட்டில் ‘வானத்தின் தோற்றம்’ என்ற கட்டத்தில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல் எழுத வேண்டும். இதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்களா என்று நான் கிண்டல் செய்வேன்.

நினைத்ததை எழுதிவிடவும் முடியாது. பதிவேட்டு அட்டையின் உள்பக்கம் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். சாதுவில் தொடங்கிப் பயங்கரத்தில் முடியும். டல் என்றால் மந்தம். க்ளூமி, இருட்டிக்கொண்டு மனசைப் பிசைவது. மர்க்கி, எதிர்க்கரை தெரியாத கலங்கல். சல்லன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது. ஆமினஸ், ஏதோ கெட்டது வரப்போகிறதென்று வயிற்றைக் கலக்குவது. கடைசிச் சொல் த்ரெட்னிங். வானம் நேராகவே மிரட்டுவது. அதை எழுதினால் படகுத்துறையில் சிவப்புக் கொடி ஏறும், எதிர்க்கரைக்கு ஆள் ஏற்றிப் போகும் அரசாங்கப் படகு நகரக் கூடாது. அந்தப் படகை ஓட்டுகிறவன் நான்.

அந்தச் சொற்களை வீட்டுக்குள் கொண்டுவந்தது என் வாய்க்கொழுப்பு. அவள் தட்டை ணங்கென்று வைத்தால், “என்ன, அம்மா இன்னிக்கு சல்லனா?” என்பேன். “இன்னும் ஒரு வார்த்தை பேசுங்க, பட்டியலோட கடைசிக்கே போயிடுவேன்” என்பாள். துறையில் எல்லாரிடமும் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் பதினோரு வருட வேலையில் அந்தக் கடைசிச் சொல்லை அவள் பதிவேட்டில் எழுதியதே இல்லை.

அன்று எழுதினாள். வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. மேகம் என்று பேருக்குக்கூட ஒன்றில்லை. மேலதிகாரி பதறிப்போய் மாடிக்கே ஓடிவந்தார்.

“என்னம்மா இது? கருவியெல்லாம் சரியாத்தானே காட்டுது. எதைப் பாத்து எழுதுன?”

“தெரியல சார். மாடியில நிக்கவே முடியல. யாரோ பின்னாடி நின்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டிருக்குற மாதிரி இருந்துச்சு.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் எழுதியதை அடிக்க விதியில் இடமில்லை. கொடி ஏறியது.

துறையில் ஒரே கூச்சல். வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாரும் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கூச்சலில் நான் ஒன்றைச் சரியாகக் கவனிக்கவில்லை. தண்ணீர் தூணில் மோதும் சத்தம் இல்லை. கடற்காகங்கள் கூரை முழுக்க வரிசையாக உட்கார்ந்திருந்தன, எல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒன்றுகூடக் கத்தவில்லை.

சிவப்புக் கொடி தனியார் படகைக் கட்டுப்படுத்தாது. சுருட்டை என்று நாங்கள் கூப்பிடும் படகுக்காரன் என்னிடம் வந்தான்.

“அண்ணே, அண்ணி எழுதியிருக்காங்களே, போகலாமா வேணாமா? நீங்க சொன்னா சரி.”

நான் சிரித்தேன். “அட, வானத்துக்கு ஒண்ணுமில்லப்பா. உங்க அண்ணிக்குத்தான் மனசு சரியில்ல. காலையில எங்களுக்குள்ள சண்டை. தைரியமாப் போ.”

எல்லாரும் சிரித்தார்கள். ஒன்பது பேர் ஏறினார்கள். கடைசியாக ஏறிய பெண் கைக்குழந்தையின் கண்ணில் வெயில் படாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

படகு பாதி தூரம் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குனிந்து பீடி பற்றவைத்தேன். அவ்வளவு நேரம்தான். எஞ்சின் சத்தம் நின்றது. திணறி, இருமி நிற்கவில்லை. கதவைச் சாத்தியதுபோல நின்றது. நிமிர்ந்தேன். தண்ணீர் மட்டும் இருந்தது. அலை இல்லை, காற்று இல்லை. வெயில் அப்படியே அடித்தது.

கொடியாவது மண்ணாவது என்று என் படகை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு செருப்புகூட மிதக்கவில்லை. மூன்று நாள் தேடினோம். பலகைத் துண்டு இல்லை, எண்ணெய்த் திட்டு இல்லை. கடற்காகங்கள் மட்டும் அன்று மத்தியானமே ஒன்றுமே நடக்காததுபோலக் கடல் பக்கம் திரும்பிவிட்டன.

நாலாம் நாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“நான் இன்னும் பலமா எழுதியிருக்கணுங்க. ஆனா பட்டியல்ல அதுக்கு மேல வார்த்தையே இல்ல.”

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஏங்க, நீங்க துறையிலதானே இருந்தீங்க? அவங்களைத் தடுக்கலையா?”

“தடுத்தேன்” என்றேன். “எவ்வளவோ சொன்னேன். கேக்கல.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். “பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க” என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.