நாற்பது நாள் நாற்றம்

மூக்கை வைத்துப் பிழைப்பவள் நான். பொம்மிடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பருப்பு மூட்டையைப் பிரித்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பேன். அண்டாவில் வெந்த முட்டைகளில் ஒன்று கெட்டிருந்தால்கூட எட்டடி தள்ளி நின்றே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவளின் வீட்டு முன்னறையில் ஒரு மனுஷன் வேண்டுமென்றே இறாலை அழுக விட்டார். அவரைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறது. அவர் என் வீட்டுக்காரர், அமல்தாஸ்.

வத்தல்மலை அடிவாரத்தில் மானாவாரி நிலத்தில் சாமை விதைத்த குடும்பம். தொடர்ந்து இரண்டு வருஷம் மழை ஏமாற்றியதும் பொம்மிடிக்கு வந்து, போர் போட்டு, ஆர்.ஓ. மெஷின் வைத்து, கேன் தண்ணீர் விற்க ஆரம்பித்தார். போர் போட்ட அன்று எழுநூறு அடி வரை வெறும் புழுதிதான் கிளம்பியது. என் மாமியார் மிக்கேலம்மாளிடம் இரண்டு சுரூபங்கள் இருந்தன. மாதா உருவம் பதித்த, காசு அளவுள்ள பழைய பித்தளை வில்லைகள். எங்கள் பக்கத்தில் கடைக்கால் தோண்டினாலும் கிணறு வெட்டினாலும் ஒரு சுரூபத்தை உள்ளே போடாமல் இருக்க மாட்டார்கள். மாமியார் ஒன்றை அந்தக் குழிக்குள் போட்டுவிட்டு அங்கேயே முட்டி போட்டார். எழுநூற்று அறுபதில் தண்ணீர் பீய்ச்சியது. இன்னொன்றை எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

பதினெட்டு வருஷம் இவர் தோளில் கேன் இறங்கவே இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்த் தண்ணீரை வாயில் விட்டுப் புரட்டி, உப்பு இத்தனை என்று எண் சொல்வார். கல்யாண வீடு, துக்க வீடு என்று பார்க்க மாட்டார். வேளாங்கண்ணியில் நாங்கள் எல்லோரும் கடலைப் பார்த்துக் கும்பிட்டு நிற்க, இவர் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, முப்பத்தைந்தாயிரம் இருக்கும் என்றார். அத்தனை பேர் கால் கழுவிய தண்ணீர். நான் அன்று சாயங்காலம் வரை அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

போன வருஷம் ஒரு மூன்றாம் மாடிப் படியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. முதுகெலும்புத் தட்டு விலகி, சேலத்தில் ஆபரேஷன். இனிமேல் எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தண்ணீர் பிளான்ட்டை வேறு ஆளிடம் விட்டோம். இவர் கட்டிலில் படுத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினொரு மாதம். தாடி, நகம், நான்கு நாள் லுங்கி. எனக்கு அதைப் பார்க்கக் குமட்டியது என்று சொன்னால் கல் மனசுக்காரி என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். குமட்டியது.

மறுபரிசோதனைக்குச் சேலம் போன ஒரு நாள், ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த வண்ணமீன் கடையில் நின்றுவிட்டார். ஒரு தொட்டியில் கடல் தண்ணீர், நடுவில் பாறை, அதன்மேல் கையசைப்பது போல ஆடும் பவளம், அதற்குள் புகுந்து புறப்படும் ஆரஞ்சு மீன்கள். கடைக்காரர் நவநீதனிடம் அரை மணி நேரம் பேசினார். பதினொரு மாதத்தில் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது. பொம்மிடிக்கு ரயிலில் திரும்பும்போது, உப்புத் தண்ணியை நானே செய்வேன் என்றார். சரி என்றேன். அந்த மனுஷன் சுவர்ப்பக்கம் திரும்பாமல் இருக்க, வீட்டுக்குள் முதலையை விடுகிறேன் என்றாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. இவர் தூக்கக் கூடாது என்பதால் எங்கள் பிளான்ட்டுத் தண்ணீர் பத்து கேன் நான்தான் தூக்கி ஊற்றினேன். இவர் கடல் உப்புப் பொடியைக் கரைத்து, விரலை விட்டு நக்கி, பிறகு கருவியை வைத்துப் பார்த்து, தன் நாக்கு தப்பவில்லை என்று சிரித்தார். காய்ந்த பாறைகளை அடுக்கினார். நவநீதன் தன் தொட்டியிலிருந்து ஒரு பை ஈர மணல் கொடுத்திருந்தார். அதைக் கொட்டியதும் அதிலிருந்து மயிர்க்கால்கள் முளைத்த இளஞ்சிவப்புப் புழு ஒன்று நெளிந்து பாறைக்கடியில் போனது. நல்ல புழு என்றார் இவர். புழுவில் நல்லது கெட்டது பார்த்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் இவர்தான்.

அன்றைக்குச் சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. நான் நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வருகிறேன், இவர் ஓடு உரிக்காத ஓர் இறாலை வலைப்பையில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுகிறார். அது அழுகினால்தான் நஞ்சு கிளம்புமாம். நஞ்சு கிளம்பினால்தான் அதைத் தின்னும் நுண்ணுயிர் பாறையில் குடியேறுமாம். அது பெருகி நஞ்சைத் தின்று தீர்த்த பிறகுதான் மீன் விட முடியுமாம். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். நாற்பது நாள் என்றார். ஆண்டவருடைய நோன்பும் இவருடைய நாற்றமும் ஒரே கணக்கு.

நான்காம் நாள் நாற்றம் தொடங்கியது. முதலில் குளத்துச் சேற்று வாடை. பிறகு செத்த எலி வாடை. பத்தாம் நாள் அதற்கு ஒப்பிட என்னிடம் எதுவும் இல்லை. இறால் வெள்ளையாக ஊதி, பையின் கண்கள் வழியே சளி போல வழிந்தது. பாறை முழுக்கப் பழுப்பு வழுவழுப்பு ஏறியது. அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி ஒன்று ஓரத்தில் இரைந்துகொண்டே இருக்கும். அதன் கிண்ணத்தில் சேரும் கறுப்புக் கஷாயத்தை இவர் என் சமையல் தொட்டியில் கொட்டப் போனார். கரண்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுப் பானுமதி, அட்டத்துப் பரணில் பெருச்சாளி ஏதும் செத்துக் கிடக்கிறதா பாருங்கள் என்று மூன்று தரம் சொல்லிவிட்டாள். என் புடவையில் நாற்றம். தலையணையில் நாற்றம். சோறு இறங்கவில்லை. முன்னறைக்குப் போவதையே விட்டுவிட்டு, பின்வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போய் வந்தேன்.

இவரோ காலை ஆறு மணிக்கே எழுந்துவிடுவார். சவரம் செய்துகொள்வார். சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பச்சை என்றால் நஞ்சு இருக்கிறது. மஞ்சள் ஆனால் தீர்ந்தது. தினமும் பச்சை.

மூன்று வாரமாகியும் பச்சைதான். அந்த வியாழக்கிழமை இவர் எழுந்திருக்க ஏழரை ஆனது. வெள்ளிக்கிழமை சவரம் இல்லை. சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, குழாயைக் கழுவாமல் வைத்துவிட்டு, கட்டிலில் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பினார். அந்த முதுகை இன்னொரு பதினொரு மாதம் பார்க்க என்னால் முடியாது.

சாயங்காலம் சிலுவைப் பாதை முடிந்து வந்தேன். இவர் குளிக்கப் போயிருந்தார். புடவைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனேன். மாமியாரின் சுரூபத்தை என் கழுத்து மஞ்சள் கயிற்றிலிருந்து அவிழ்த்து, தண்ணீர் விரலில் படாமல் மேலிருந்து பாறைக்குப் பின்னால் போட்டேன். எழுநூற்று அறுபது அடியில் தண்ணீர் கொடுத்த மாதாவுக்கு இந்த மூன்றடி என்ன பெரிசு?

திங்கட்கிழமை மஞ்சள். இவர் குழாயை எடுத்துக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டார். மனசுக்குள் எனக்கு இருந்த தலைக்கனத்தை அளக்க எந்தக் கருவியும் போதாது.

அடுத்த மூன்று வாரத்தில் நாற்றம் குறைந்தது. சனிக்கிழமை காலை ரயிலுக்குச் சேலம் போனவர், தெர்மகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார். இரண்டு ஆரஞ்சு மீன், ஐந்து நத்தை, சிவப்புக் கோடு போட்ட ஓர் இறால், அங்கே தொட்டியிலேயே வளர்த்த கட்டைவிரல் அளவுப் பவளத் துண்டு. இறாலைக் காட்டி, இது தின்கிற இறால் இல்லை, சுத்தம் பண்ணுகிற இறால் என்று எனக்குப் பாடம் வேறு. நாற்பது நாள் கழித்து முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

ஈஸ்டர் பூசை முடிந்து வந்தபோது நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து மல்லாந்து கிடந்தன. மத்தியானம் அந்த இறால் முதுகில் படுத்துக் காலை உதைத்து அடங்கியது. பவளம் சுருங்கி, அதன்மேல் எச்சில் போல ஏதோ வழிந்தது. மீன் இரண்டும் மட்டும் ஒன்றும் நடக்காதது போல நீந்தின. பழைய நாற்றம் மெல்லத் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை இவர் நவநீதனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் சமையலறைவரை கேட்டது. நஞ்சு மஞ்சளா என்று அவர் கேட்டார், மஞ்சள் என்றார் இவர். உப்பு சரியா, சரி. மீன் உயிரோடு இருக்கிறதா, இருக்கிறது. கடைசியாக நவநீதன் கேட்டார்.

"செம்பு, பித்தளை, காசு, மோதிரம்னு ஏதாச்சும் உள்ள வுழுந்துச்சாங்க? மீனு தாங்கும். நத்தை, இறாலு, பவளம் தாங்காது. துளி செம்பு ஊறுனாலும் போயிரும்."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

"அதுக்கு வழியே இல்லீங்க," என்றார் இவர். "வூட்டுல நாங்க ரெண்டே பேரு. எங்க வூட்டுக்காரி அந்தப் பக்கம் தல வெச்சுக்கூடப் படுக்க மாட்டா. நாத்தம்னா அவளுக்கு ஆவாது."

போனை வைத்தார். பெஞ்சைத் துடைத்தார். சோதனைக் குழாய்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கி மூடினார். "எங் கையிலதான் கோளாறு," என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, கட்டிலில் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

நாற்பது நாள் நான் பட்ட அருவருப்பு அத்தனையும் ஒன்றுமில்லை. அந்த நிமிஷம் என்மேல் எனக்கு வந்ததுதான் அருவருப்பு. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்ததையே எனக்குச் சாட்சியாக வைத்துப் பேசுகிறார் அந்த மனுஷன்.

முன்னறைக்குப் போனேன். ஜாக்கெட் கையை மேலே ஏற்றிக்கொண்டு தோள் வரை கையை விட்டேன். தண்ணீர் வெதுவெதுப்பாக, கஞ்சி போலக் கொழகொழத்தது. செத்த நத்தை ஒன்று விரலில் பட்டு நசுங்கியது. அந்த மயிர்க்கால் புழு மணிக்கட்டில் உரசிக்கொண்டு போனது, சுணை பட்டது போல அரித்தது. வாய்க்குள் எச்சில் ஊறிக் குமட்டிக்கொண்டு வந்தது. பாறைக்குப் பின்னால் துழாவி எடுத்தேன். மாதா முகம் தெரியவில்லை. பச்சைக் களிம்பு பிடித்த ஒரு சில்லு.

சொட்டச் சொட்டக் கட்டில்வரை போய் அதை அவர் கையில் வைத்தேன்.

"நாந்தாங்க போட்டேன். மூணு வாரத்துக்கு முன்ன, வெள்ளிக்கெழம."

எழுந்து உட்கார்ந்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் அம்மாவுடையது என்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. திட்டப் போகிறார் என்று நின்றேன், திட்ட வேண்டும் என்றும் நின்றேன். அவர் முகம் விரிந்தது.

"அப்ப எந் தண்ணி சரியாத்தான் இருந்துச்சு," என்றார்.

அவ்வளவுதான். ஒரு வசவு இல்லை. ஐந்து நத்தை, ஓர் இறால், ஒரு பவளம் செத்துக் கிடக்கிறது, மனுஷன் பல் தெரியச் சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீன் இரண்டையும் வேறு வாளியில் விட்டார். பாறையில் செம்பு ஊறியிருக்கும், மணலும் ஆகாது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். மறுபடி பத்து கேன். மறுபடி நாற்பது நாள். சுரூபத்தைப் புளி போட்டுத் தேய்த்து, நான் தினமும் பார்க்கிற மாதிரி அடுப்புக்கு மேல் ஆணியில் மாட்டிவைத்தார்.

கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். நான்காம் தரம் கழுவவில்லை. பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய் மீன்கார முனியம்மாளிடம், ஒரே ஓர் இறால் கொடு என்றேன். ஒன்றை வைத்து என்ன குழம்பு என்று கேட்டாள். குழம்புக்கு இல்லை, அழுக வைக்க என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கூடையில் கிடந்ததை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து, இருப்பதிலேயே கெட்டதாக ஒன்றைப் பொறுக்கி வந்தேன்.