ஓட்டிவிட்ட காட்சிகள்

மார்சிலிங்கில் நான் வாடகைக்கு அறை எடுத்திருந்த வீட்டு அக்காவுக்குக் குடும்ப சீரியல் ஆகாது. "மாமியார் மருமக சண்டையை எத்தனை வருஷம்தான் பார்க்கிறது, தம்பி?" என்பார். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்து, சமைத்துச் சாப்பிட்டு முடித்ததும், எதிர்காலத்து ஊர் ஒன்று நாசமாய்ப் போவதை இருவரும் ஆசையாகப் பார்ப்போம்.

மாதக் கட்டணம் கட்டிப் பார்க்கும் தளத்தில் வந்த தொடர் அது. சுற்றிலும் விஷக்காற்று, நடுவில் மதில் கட்டிய நகரம். எல்லார் மணிக்கட்டிலும் ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் இருக்கலாம். சிவப்பானால் பையைத் தூக்கிக்கொண்டு மதிலுக்கு வெளியே போய்விட வேண்டும். காரணம் சொல்ல மாட்டார்கள். முதல் எபிசோடிலேயே நான் விழுந்துவிட்டேன். அக்கா எனக்கும் மேல். சிவப்பு விளக்கோடு ஒருவன் கதவை நோக்கி நடந்தபோது, கையிலிருந்த கோப்பியை மறந்து கத்தினார்.

"அநியாயம்லா! இத்தனை வருஷம் வேலை வாங்கிட்டு, போடான்னா அவன் எங்க போவான்? இப்படியும் ஒரு ஊர் இருக்குமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் வேலை பாஸ் ரினியூவலுக்குப் போயிருக்குக்கா. இன்னும் பதில் வரல" என்றேன். பாஸ் கிடைத்தால் சுவா சூ காங்கில் ஒரு வீடு பிடித்து மனைவியை அழைத்துவருவதாகத் திட்டம். கிடைக்காவிட்டால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அக்காவின் முகம் சுருங்கிப்போனது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அடுத்த வாரத்திலிருந்து ரிமோட் அவர் கைக்குப் போய்விட்டது. யாருடைய விளக்காவது மினுங்கத் தொடங்கினால் போதும், காட்சியை ஓட்டிவிடுவார். காவலர்கள் வந்தால் ஓட்டிவிடுவார். கதவு திறந்தால் ஓட்டிவிடுவார். "இது போரடிக்குதுலா, அடுத்தது பார்ப்போம்." திரில்லரில் திரில்லை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? ஆட்கள் சாப்பிடுவதும் மாடிப்படி ஏறுவதும்தான். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவரிடம் கோபப்பட முடியவில்லை. அந்தப் பதிலுக்கு என்னைவிட அவர்தான் அதிகம் பயந்துகொண்டிருந்தார்.

பதில் வந்தது. பாஸ் கிடைக்கவில்லை. மேல்முறையீடு செய்தும் பலனில்லை. சொன்னபோது அக்கா எனக்குச் சோறு போட்டார். நான் பாதியில் எழுந்துவிட்டேன்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவரே டிவியைப் போட்டார். இந்த முறை எதையும் ஓட்டவில்லை. கதாநாயகியின் விளக்கு சிவப்பானது. பையை எடுத்தாள். கதவு திறந்தது. விஷக்காற்றுக்குள் நடந்து போனாள். அத்தோடு எபிசோடு முடிந்தது. இன்னும் இரண்டு பாக்கி. அடுத்ததைப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்கா டிவியை அணைத்தார்.

"மீதியை நான் முன்னாடியே பார்த்துட்டேன், தம்பி. உனக்குக் காட்டலாமா வேண்டாமான்னு தெரிஞ்சுக்கத்தான். வெளிய காத்து நல்லாத்தான் இருக்கு. மரமெல்லாம் இருக்கு. போனவங்க எல்லாரும் அங்க நல்லா இருக்காங்க."

சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது கோயம்புத்தூரில் வேலை. மனைவியோடு இருக்கிறேன். அதே தளம் இங்கேயும் வருகிறது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்னென்னவோ பார்க்கிறோம். அந்த இரண்டு எபிசோடுகளை மட்டும் நான் தொடவில்லை. அக்கா சொன்னது பொய்யாக இருந்தால், அது எனக்குத் தெரிய வேண்டாம்.