இமயமலையில் குறுக்கே வந்த நாலு வயசு

ஐந்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு விருத்தாசலத்தில் எனக்குச் சொந்தமாக ரெண்டு சூளை இருக்கிறது. நான் சுட்ட பீங்கான் ஃபியூஸ் கட்டை இல்லாத வீடு இந்த வட்டாரத்தில் கிடையாது. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். இப்பேர்ப்பட்டவனுக்கு இமயமலையில் ஏற ஆசை வந்தால் என்ன தப்பு? எங்கள் ஊர் பேரில் 'அசலம்' என்று மலை இருக்கிறது, சாமி பேரிலும் மலை இருக்கிறது, ஊரில்தான் மலையைக் காணோம்.

ஆறாயிரம் மீட்டர் சிகரம் ஒன்றுக்குக் கூட்டிப்போகிற கம்பெனியில் போனிலேயே பதிவு செய்தேன். வயசு கேட்டார்கள். அறுபத்து நாலு என்றேன். "அறுபத்தஞ்சு வரைக்கும்தான் சார் அலவ் பண்ணுவோம், தப்பிச்சீங்க" என்றாள் அந்தப் பெண். உச்சியைத் தொட்டுவிட்டுத்தான் ஊருக்குள் கால் வைப்பேன் என்று டீக்கடையில் ஒருத்தர் விடாமல் சொல்லிவைத்தேன்.

என் சம்சாரம் மட்டும் மதிக்கவில்லை. "மாடியில காயிற துணிய எடுத்தாரச் சொன்னா முட்டி வலிக்குதுங்கிறீங்க. இமயமலை கேக்குதா?" என்றாள்.

அடிவார முகாமிலேயே சாயம் வெளுத்துவிட்டது. விளம்பரத்தில் பார்த்த கூடாரம் வேறு, கொடுத்த கூடாரம் வேறு. ஜிப்பு பாதியில் நின்றுகொண்டு உள்ளே காற்றை வரவேற்றது. மூன்று வேளையும் ராஜ்மா. வழிகாட்டி கோயம்புத்தூர்க்காரர், முப்பது வயசு இருக்கும். எங்களை வட்டமாக நிற்கவைத்து, "மலையோட பேசுங்க" என்றார்.

"அது என்னா பாஷை பேசும் தம்பி?" என்று கேட்டேன். அதிலிருந்தே அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை.

மறுநாள் அனுமதிச் சீட்டுக்காக எல்லாருடைய ஆதாரையும் வாங்கினார். என்னுடையதைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அங்கிள், இதுல அறுபத்தெட்டு ஆகுது. போன்ல பொய் சொல்லியிருக்கீங்க."

நான் பீங்கான் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பதினாலு. பதினெட்டு ஆனால்தான் எடுப்பார்கள். நாலு வயசைக் கூட்டி எழுதிக்கொடுத்தேன். அது ரேஷன் கார்டுக்குப் போய், லைசென்சுக்குப் போய், ஆதாரிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. என் ஆயுசில் நிஜ வயசைச் சொன்னது அந்தப் போனில் மட்டும்தான். அதற்குத்தான் பொய்யன் பட்டம்.

"சத்தியமா அறுபத்து நாலு தம்பி."

"அப்ப கார்டு பொய்யா?"

"கார்டு அசலு. நான் குடுத்த வயசுதான் பொய்யி."

"தலை சுத்துது அங்கிள்."

"உயரத்துக்கு வந்தா அப்டித்தான் இருக்கும். தண்ணி குடி."

அவர் சிரிக்கவில்லை. மற்றவர்கள் மேலே போகட்டும், நான் அடிவாரத்திலேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

சமையல்காரர் நேபாளக்காரர், தலை பஞ்சாக நரைத்திருந்தது. வியாபாரத்தில் பொறுக்கிய அரைகுறை இந்தியில் வயசு கேட்டேன். எழுபது இருக்கும், சரியாகத் தெரியாது என்றார். அந்த மனுஷன் கேஸ் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு மேல்முகாமுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்! சுமை தூக்குகிற இன்னொருவர் வயிற்றுப்போக்கில் படுத்திருந்தார், அவர் மூட்டை அப்படியே கிடந்தது. நேராக வழிகாட்டியிடம் போனேன்.

"மூட்ட தூக்குறவங்களுக்கு வயசு பாப்பீங்களா?"

"அதுக்கு ரூல் இல்ல அங்கிள்."

"அப்ப அந்த மூட்டைய இப்டி குடு."

முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். இப்படி, பணம் கட்டி மலை ஏற வந்தவன் கூலியாகி மேல்முகாம் போய்ச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ரெண்டு பேர் அங்கே வாந்தியெடுத்துக் கிடந்தார்கள். எனக்குத் தலைவலிகூட இல்லை. நான்தான் அவர்களுக்கு சூப் ஊற்றிக் கொடுத்தேன். சூளை வாசலில் நின்று வளர்ந்த உடம்பு.

சாயங்காலம் வழிகாட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்களப் பத்தித் தப்பா நினைச்சுட்டேன் அங்கிள். இங்க உங்க அளவுக்கு யாரும் தெம்பா இல்ல. கார்ட நான் பாக்கலைன்னு வெச்சுக்கிறேன். விடியறதுக்கு முன்னாடி கெளம்பறோம், நீங்களும் வாங்க."

நிமிர்ந்து பார்த்தேன். சுவர் மாதிரி செங்குத்தாக நின்றது பனி. அதில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேறு குழுவிலிருந்து ஒருத்தர் இறங்கிக்கொண்டிருந்தார். சட்டென்று வழுக்கி, கொஞ்ச நேரம் அந்தரத்தில் தொங்கினார். பிறகு சமாளித்து இறங்கிவிட்டார்.

"ரூலுன்னா ரூலுதான் தம்பி. என்னால உன் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது. கார்டுல அறுபத்தெட்டுன்னா அறுபத்தெட்டுதான்" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கிரேட் அங்கிள்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

டீக்கடையில் இன்றைக்கும் அந்த ரூலைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் நம்புகிறார்கள். நம்பாத ஒரே ஆள் அந்தச் சமையல்காரர். அன்றைக்கு மேல்முகாமில் வழிகாட்டி போனதும் டீ டம்ளரை என் கையில் கொடுத்து, ஏன் போகவில்லை என்று இந்தியில் கேட்டார்.

"ரூலு" என்றேன்.

அவர் குனிந்து என் முழங்காலைப் பார்த்தார். அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"குளிரு" என்றேன்.