வேலம்மாளின் மெட்டியும் வெள்ளித் தண்ணீரும்

பூவரசனுக்குக் கை சும்மா இருந்தால் தலை வலிக்கும். சுனாமியில் படகு போன பிறகு, உப்புநீர் புகுந்து செத்துப்போன வயர்லெஸ் செட்டுகளைப் பிரித்துப் பிரித்தே ரிப்பேர் வேலையைக் கற்றுக்கொண்டவன் அவன். மீட்டரின் முள் அசைந்தால் செட்டுக்கு உயிர் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தேவனாம்பட்டினத்தில் அவன் சொன்னால் சொன்னதுதான்.

இரண்டாயிரத்துப் பத்து ஆடியில், மீன் பிரிக்கும்போது அவன் மனைவி வேலம்மாளின் வலது கால் கட்டைவிரலில் கெளுத்தி முள் ஏறியது. சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. வீக்கத்தில் அந்தக் கால் மெட்டியைக் கழற்ற வேண்டியதாயிற்று.

"பெரியாஸ்பத்திரிக்குப் போனா விரல எடுத்துடுவானுங்க மாமா. அப்புறம் கூடைய யாரு தூக்கறது, நீயா?" என்று பிடிவாதம் பிடித்தாள். அவனும் வற்புறுத்தவில்லை.

உதிரிப் பாகம் வாங்கச் சிதம்பரம் போன இடத்தில், ஒரு பிரவுசிங் சென்டரில் வெள்ளித் தண்ணீர் செய்முறையைப் படித்தான். இரண்டு வெள்ளித் துண்டுகளைத் தண்ணீரில் தொங்கவிட்டு பேட்டரி கொடுத்தால், இறங்கும் வெள்ளி எந்தப் புண்ணையும் ஆற்றும் என்று போட்டிருந்தது. வீட்டில் இருந்த வெள்ளி அவள் மெட்டிதான். மற்றக் கால் மெட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

முதலில் கைப்பம்புத் தண்ணீரில் செய்தான். பால்போல் வெளுத்தது. வீரியம் என்று நினைத்தான். பிறகுதான் உறைத்தது: கடலோரத்துத் தண்ணீர், உப்போடு சேர்ந்து வெள்ளி திரிந்துவிட்டது. கொட்டிவிட்டு, லாரி பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரை வாங்கி வந்தான். இந்தத் தடவை தண்ணீர் லேசாக மஞ்சளித்தது. துணியை நனைத்துப் புண்ணில் கட்டினான். அதோடு விட்டானா? மெட்டிகளை நெருக்கினான், விலக்கினான், இன்னொரு பேட்டரி சேர்த்தான். உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. மெட்டி தொங்கிய தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தவன் காலைப் பார்க்கவில்லை. கட்டைவிரல் கறுத்துக்கொண்டே வந்தது.

ஒருநாள் வேலம்மாள் வாசற்படியில் கால் நீட்டி, பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"ஊரு பொட்டியெல்லாம் மீட்டரு வச்சிப் பாக்கறாரு. எங்காலயும் ஒருதபா பாக்கச் சொல்லு."

"பாத்துட்டு ரிப்பேருன்னு கழட்டிப் போட்டுடப் போறாரு" என்றாள் புஷ்பவள்ளி.

உள்ளேயிருந்து வந்த பூவரசனும் சிரித்துக்கொண்டே மீட்டரின் சிவப்பு ஒயர் ஊசியைக் கட்டைவிரலில் வைத்தான்.

"மீட்டர இன்னும் எடுத்தாரலயா மாமா?" என்றாள் அவள், திரும்பாமலே.

ஊசி விரலில் பதிந்து நின்றது. அழுத்தினான். அவள் பேச்சு நிற்கவில்லை. அடுத்த விரலில் வைத்தான், அதிலும் ஒன்றுமில்லை. குதிகாலில் வைத்தபோதுதான் காலை இழுத்துக்கொண்டாள்.

"எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவன் முகத்தைப் பார்த்தவள் மறுக்கவில்லை. "மெட்டி இல்லாம எப்படி வர்றது? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மெட்டிகளைப் பேட்டரி கிளிப்பிலிருந்து கழற்றினான். ஒன்று அரித்துக் கறுத்திருந்தது. லுங்கியில் தேய்த்து, நன்றாக இருந்ததை இடது காலில் போட்டுவிட்டான். ஆட்டோவில் போகும்போது மற்றதை விரலில் உருட்டிக்கொண்டே வந்தான்.

இரண்டு விரலை எடுத்தார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் டாக்டர். புண்ணுக்கு என்ன போட்டீர்கள் என்று அவர் கேட்டதற்கு, "தண்ணி" என்றான்.

வார்டில் அவன் நின்றான், நடந்தான், மறுபடி வந்து நின்றான். அவள் கண் விழித்ததும், கட்டுக்குக் கீழே குதிகாலில் நகத்தால் அழுத்தினான்.

"குத்துது மாமா, கைய எடு. நகத்த வெட்டக்கூடாது?"

அப்புறம்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.