முருகேசன் அணைத்த உலை

போன மாதம், ஒரு திங்கட்கிழமை. மதுரை பாசஞ்சரில் வந்திறங்கிய இரண்டு கல்லூரி ஆசிரியர்கள் என் மொட்டை மாடியில் ஒரு தகரப் பெட்டியை வைத்தார்கள். உள்ளே மோட்டார், முகப்பில் வெள்ளைத் தாள். மோட்டார் காற்றை இழுக்கும். தாளில் தூசி ஒட்டும். அதில் ஈயம் எவ்வளவு என்று சோதனைச்சாலையில் பார்ப்பார்களாம். தினமும் தாளை மாற்றித் தேதி எழுதுவது என் பொறுப்பு. அதிலென்ன கஷ்டம்?

ஏலக்காய் மணக்கும் போடியில் ஈயமா என்பீர்கள். என் வீட்டுக்குப் பின்னால் முருகேசனின் பேட்டரி கடை. குரங்கணி மலைக்குப் போகும் ஜீப்புகளின் பழைய பேட்டரிகளை உடைத்து, கொல்லையில் ஈயம் உருக்குவார். அவருடைய ஏழு வயது மகள் செல்விக்குச் சில மாதமாக வயிற்றுவலி, சோகை. பூச்சி மருந்து, மந்திரித்த கயிறு... எதற்கும் கேட்கவில்லை. ஈயப் புகையாக இருக்கலாம், பிள்ளைகளின் மூளையையும் அது மந்தமாக்கும் என்றார் டாக்டர். அவர் கடிதம் எழுதித்தான் பெட்டியே வந்தது.

மூன்று நாள் ஆயிற்று. மூன்று தாளும் வெளுப்பு! கொல்லையை எட்டிப் பார்த்தேன் — உலை அணைந்து கிடந்தது.

"என்ன முருகேசா, சோலி இல்லையா?"

"வெளியூர் ஆளுக நம்ம காத்தப் பாக்க வந்திருக்காக. புகைய விட்டா நல்லாவாண்ணே இருக்கும்? திங்கக்கெழமையே அணைச்சுட்டேன். தெருவுக்கும் மூணு வேள தண்ணி தெளிக்கிறோம்."

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டை ஒழுங்கு செய்வதுபோல, காற்றை ஒழுங்கு செய்திருக்கிறார்! சிரித்திருப்பேன். உள்ளே செல்வி சுருண்டு படுத்திருந்தாள்.

அவர் மனைவி பேச்சியம்மாள் தண்ணீர் வாளியைக் கீழே வைத்தார்.

"ஏய்யா, பிள்ளைக்கு என்னன்னு கண்டுபிடிக்கத்தான வந்திருக்காக? காத்துக்குப் பவுடர் பூசி அனுப்புனா என்னத்தக் கண்டுபிடிப்பாக?"

"நம்ம கடையாலதான்னு வந்துட்டா?"

"அப்பிடி வந்தா ஊருக்கு வெளிய கொண்டுபோயி உருக்கு. இப்ப நான் இவள தேவாரத்துல எங்க அண்ணன் வீட்ல விட்டுட்டு வர்றேன். நாங்க பஸ்சு ஏறுனதும் வெரசா இங்கயே பத்த வை."

வெள்ளிக்கிழமை உலை எரிந்தது. சனிக்கிழமை நான் கழற்றிய தாள் சாம்பல் நிறம். முருகேசனிடம் காட்டி, நிறத்தை வைத்து ஈயம் என்று சொல்லிவிட முடியாது என்றேன். தாளைத் தொடப் போனவர், கையை இழுத்துக்கொண்டார்.

"இதையாண்ணே எம்பிள்ள..."

தாள்கள் மதுரைக்குப் போய்ப் பதில் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. அன்று மாலையே உலை ஊருக்கு வெளியே போய்விட்டது.

பதில் நேற்று வந்தது. டாக்டரின் சந்தேகம் சரிதான். விழுந்த ஈயம் மண்ணிலும் தங்குமாம். செல்வி திரும்புவதற்குள் கொல்லையின் மேல்மண்ணை எடுத்தாக வேண்டும். இன்று காலை முருகேசன் மண்ணை நனைத்து வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பேச்சியம்மாள்:

"இன்னுங் கொஞ்சம் ஆழமா வெட்டுய்யா. இது யாருக்கும் காட்டுறதுக்கில்ல, நம்ம பிள்ளைக்காக."